மொத்த பிளேனுக்கே ஒரு பாராசூட்

கொஞ்ச நாள் முன்னாடி ரெண்டு பேர் உக்கார்ற ஒரு குட்டி பிளேன்ல பக்கத்து சீட்டுல போற வாய்ப்பு கிடைச்சுது. பைலட் ரொம்ப வருஷ பழக்கம், அதனால பயம்லாம் ஒண்ணும் இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி அவர் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருந்த சிவப்பு கைப்பிடியிலேந்து ஒரு பின்னை உருவி என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி காமிச்சாரு. "பின் எடுத்தாச்சு, பாத்துக்கோங்க. எனக்கு நெஞ்சு வலி கிஞ்சு வலி வந்து சாஞ்சுட்டேன்னா என்ஜினை ஆஃப் பண்ணிட்டு இதை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுங்க, பாதியில விட்டுடாதீங்க"ன்னாரு. அதுவரைக்கும் இல்லாத பயம் அப்பதான் வந்துச்சு.

வீட்டுக்கு வந்து உக்காந்து படிக்க ஆரம்பிச்சது இன்னும் நிக்கல. பாராசூட்னா ஆள் முதுகுல மாட்டிக்கிட்டு குதிக்கிறதுன்னுதானே நினைப்போம், இது பிளேனோட சேத்து நம்மளையும் இறக்குற ஒண்ணு. போரிஸ் போபோவ்னு ஒருத்தர் 1975ல ஹேங் கிளைடர், அதாவது ஆள் தொங்கிக்கிட்டே பறக்கிற என்ஜின் இல்லாத துணி றெக்கை, உடைஞ்சு சுமார் 400 அடி உயரத்துலேந்து ஒரு ஏரிக்குள்ள விழுந்து பொழைச்சாரு, கையில ஒண்ணுமே இல்லாம விழுந்துக்கிட்டே இருந்த அந்த சில நொடிதான் 1980ல இந்த மாதிரி பாராசூட் செய்யிற பிஆர்எஸ் கம்பெனியை அவர் ஆரம்பிக்க காரணம். 1993ல செஸ்னா 150ங்கிற ரெண்டு சீட்டு பிளேனுக்கு இதை மாட்ட அனுமதி கிடைச்சுது, சிரஸ் கம்பெனியோட, 1998ல சர்டிஃபிகேட் வாங்குன எஸ்ஆர்20ங்கிற சின்ன பிளேன்ல அது ஃபேக்டரியிலேந்தே ஸ்டாண்டர்டா வர ஆரம்பிச்சுது. சிரஸை ஆரம்பிச்ச அண்ணன் தம்பியில ஒருத்தரே நடுவானத்துல இன்னொரு பிளேனோட மோதி தப்பிச்சவர்தான். ஜெர்மனியில அல்ட்ராலைட்னா, அதாவது ரொம்ப லேசான குட்டி பிளேன்னா, பாராசூட் கட்டாயம்.

கைப்பிடியை இழுத்தா ஒரு சின்ன ராக்கெட் கிளம்பும். சும்மா துணியை வெளிய தூக்கி போட்டா சுத்திக்கிட்டு விழுற பிளேனோட வாலுலயோ றெக்கையிலயோ மாட்டிக்கும், அதனாலதான் ராக்கெட் அதை ஒரே இழுப்புல பிளேனை விட்டு தள்ளி கொண்டு போகுது. உடனே முழுசா விரிஞ்சாலும் வம்பு, அந்த வேகத்துல துணி கிழியும் இல்லேன்னா கயிறு அறுந்துடும், அதுக்கு ஸ்லைடர்னு ஒரு வளையம் கயிறுகளை சேத்து புடிச்சிருந்து காத்து அழுத்த அழுத்த மெதுவா கீழ இறங்கி குடையை விரிய விடும். எனக்கு இதுல ரொம்ப புடிச்ச பார்ட் இந்த வளையம்தான், கரண்டும் கிடையாது கம்ப்யூட்டரும் கிடையாது.

ஆனா விரிஞ்சுட்டா பஞ்சு மாதிரி இறங்கும்னு நினைக்காதீங்க. சிரஸோட இன்னொரு மாடல் எஸ்ஆர்22 பாராசூட்ல நிமிஷத்துக்கு சுமார் 1700 அடி வேகத்துல இறங்குது, அதாவது கிட்டத்தட்ட 12 அடி உயரத்துலேந்து தொப்புனு விழுற அடி. பிளேனோட சக்கரம் மாட்டியிருக்கிற கால் மடங்குறதும் சீட்டுக்கு அடியில இருக்கிற தேன்கூடு மாதிரி அலுமினியம் நசுங்குறதும்தான் முதுகெலும்பை காப்பாத்துது. தண்ணியில இறங்குனா அந்த கால் நேரா உள்ள போயிடும், மொத்த அடியும் பிளேனோட வயித்துப்பக்கத்துக்கும் சீட்டுக்கும்தான்.

இங்கதான் பாராசூட்டும் சாதாரண விபத்துல உயிர் பொழைக்கிறதும் ஒரே கணக்குன்னு எனக்கு புரிஞ்சுது. 45 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர்ல போய் ஒரு மீட்டர் தூரத்துக்குள்ள நின்னா உடம்பு மேல சராசரியா 27 ஜி, அதாவது நம்ம எடையை மாதிரி 27 மடங்கு விசை. அதே வேகம் மூணு மீட்டர்ல நின்னா 9 ஜி. தூரம் கிடைச்சா பொழைக்கலாம், அவ்வளவுதான் விஷயம். வேகம் ரெண்டு மடங்கானா இந்த கணக்கு நாலு மடங்காகுது, அதனாலதான் என்ஜின் நின்னு போச்சுன்னா ஸ்டால் ஆகாம, அதாவது வேகம் ரொம்ப குறைஞ்சு றெக்கை தூக்குறதை விட்டுடாம, எவ்வளவு மெதுவா தரையை தொட முடியுமோ அவ்வளவு மெதுவா, காத்துக்கு எதிரா, புதரோ வேலியோ எதையாவது றெக்கையால உடைச்சுக்கிட்டே போய் நில்லுன்னு சொல்லி குடுக்கிறாங்க. பிளேன் நொறுங்குனா நொறுங்கட்டும். 1917ல ட்ரெயினிங்ல நடுவானத்துல மோதி அடிபட்டு பொழைச்ச ஹியூ டிஹேவன், உசரமான கட்டடங்கள்லேந்து விழுந்தும் சாகாதவங்களை தேடிப்பிடிச்சு ஆராய்ஞ்சு 1942ல எழுதுனதும் இதைத்தான், கொல்றது விழுறது இல்ல, நிக்கிற விதம். தோள் மேல வர்ற பெல்ட் இதுல பெரிய ஆளு, இடுப்பு பெல்ட் மட்டும் போட்டா உடம்பு மடங்கி தலை நேரா பேனல்ல போய் அடிக்கும். அமெரிக்காவுல சின்ன பிளேன்ல முன் சீட்டுக்கு தோள் பெல்ட் கட்டாயமானதே 1978லதான்னு படிச்சப்போ கொஞ்சம் கடுப்பா இருந்துச்சு.

சரி பாராசூட் இருக்கே, அப்புறம் என்னன்னா, உயரம் வேணும். எஸ்ஆர்22ஓட பழைய மாடல்கள்ல நேரா பறக்கும்போது இழுத்தா சுமார் 400 அடி இழக்கும், ஸ்பின்ல, அதாவது ஸ்டால் ஆகி சுத்திக்கிட்டே விழுறதுல, சிக்கியிருந்தா 920 அடி. ரன்வேக்கு திரும்புற கடைசி திருப்பத்துல ஸ்டால் ஆகி சுத்துற பிளேனுக்கு அவ்வளவு உயரம் எங்க இருக்கு? அந்த இடத்துல சீட்டும் பெல்ட்டும் மெதுவான வேகமும்தான் துணை.

அதை விட என்னை உறுத்துனது வேற. சிரஸோட ஆரம்ப வருஷங்கள்ல உயரமும் இருந்து வேகமும் சரியா இருந்து கைப்பிடி தலைக்கு மேலயே தொங்கியும் இழுக்காமலேயே செத்தவங்க நிறைய பேரு. பிளேனை எப்படியாவது நானே இறக்கிடுவேன்னு கடைசி வரைக்கும் போராடியிருக்காங்க, பல வருஷ பழக்கம் கையை ஸ்டிக்லேந்து எடுக்க விடல. கூடவே இழுத்தா பிளேன் வீணாயிடுமேங்கிற யோசனையும் இருந்திருக்கும், பைலட்டுங்களுக்கு பிளேன் மேல இருக்கிற பாசம் அப்படி. அப்புறம் ட்ரெயினிங்கை மாத்துனாங்க, இழுக்குறதை கடைசி வழியா வெக்காம முதல்லயே யோசிக்க பழக்குனாங்க, டேக் ஆஃப்ல குறிப்பிட்ட உயரம் தாண்டுனதும் இப்போ பாராசூட் இருக்குன்னு வாய்விட்டு சொல்ல வெச்சாங்க, சாவு கண்கூடா குறைஞ்சுது. பாராசூட் இருந்தா பைலட்டுக்கு திமிரு வந்துடும்னு பழைய ஆளுங்க சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம், மோசமான மேகத்துக்குள்ள போறதுக்கு ஒரு தைரியம் குடுக்கும்தான், ஆனா அதுக்காக வேணாம்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல.

2015ல ஹவாய் பக்கம் ஒரு எஸ்ஆர்22 எரிபொருள் சிக்கலால கடல் நடுவுல பாராசூட்ல இறங்குன வீடியோ இருக்கு, அமெரிக்க கோஸ்ட் கார்ட் மேலேந்து எடுத்தது. பைலட் முன்னாடியே முடிவு பண்ணி, கப்பல் இருக்கிற பக்கமா போய், பொறுமையா இழுத்திருக்காரு, காத்தடிச்ச ராஃப்ட்ல ஏறி தப்பிச்சாரு.

இன்னொண்ணு, விபத்தாகி ராக்கெட் வெடிக்காம கிடக்கிற பிளேனை தெரியாம அறுத்தா காப்பாத்த வந்தவங்களுக்கே ஆபத்து, அதுக்குதான் வெளிய எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அன்னைக்கு தரையிறங்கி என்ஜின் நின்னதும் நான் பையை தூக்கிக்கிட்டு எந்திரிக்க பாத்தேன், அவர் என் கையை புடிச்சு நிறுத்திட்டாரு. பாக்கெட்லேந்து அந்த பின்னை எடுத்து கைப்பிடியில சொருகி, ரெண்டு தடவை ஆட்டி பாத்துட்டு, "இப்போ எந்திரிங்க, போன தடவை ஒருத்தரோட பை வார் இதுல மாட்டிக்கிச்சு"ன்னாரு.