யாழ்ப்பாணம் – நுவரெலியா: அக்குவாவில் மலை ஏறி இறங்குதல்

யாழ்ப்பாணத்தில் டாங்கை நிரப்பினால் நுவரெலியா போய்ச் சேரும்வரை பெற்றோல் செட் தேட வேண்டியதில்லை. பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்குவாவின் டாங்க் 36 லீற்றர். ஏ9 வீதியில் கண்டிக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர், அங்கிருந்து மலைக்கு இன்னொரு 80. தட்டையான வன்னி வீதியில் நிதானமாக ஓட்டினால் லீற்றருக்கு 22, 23 கிடைக்கும். புசல்லாவைக்கு மேலே 14, 15 என்று இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் 20 லீற்றருக்குள் பயணம் முடிகிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்ற தட்டுப்பாட்டுக் காலத்தில் கியூஆர் அட்டைக்குக் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்தபோது, அந்த ஒதுக்கீட்டில் இவ்வளவு தூரம் போகக்கூடிய கார்கள் வீதியில் அதிகம் இருக்கவில்லை. அக்குவாவின் விலை பிறகு இறங்காமல் நின்றதற்கு அந்த வரிசைகளும் ஒரு காரணம்.

டொயோட்டா அக்குவா ஜப்பானில் 2011 டிசம்பரில் வெளிவந்தது. இலங்கையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இந்த முதல் தலைமுறைதான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே இன்று ஒருவர் கையில் இருக்கும் அக்குவா பெரும்பாலும் வயதான கார். வயதான ஹைபிரிட்டை மலைக்குக் கொண்டுபோவதும் புதிய காரைக் கொண்டுபோவதும் ஒன்றல்ல.

பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெரிய பற்றரியில் 20 மொடியூல்கள், அதாவது தொடராக இணைத்த சிறு பற்றரிகள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற். அது கொள்ளும் சக்தியோ கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் காரின் கணினி பாதியளவைத்தான் புழங்க விடும். முழுதாக நிரப்பவும் விடாது, முழுதாக வடிக்கவும் விடாது. இந்தப் பற்றரியைச் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறையாக நினைத்துக்கொண்டால் போதும்: வரும், போகும், சேராது. பயணத்தில் எழும் சந்தேகங்களில் முக்கால்வாசிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது காற்றுத் துவாரம். பெரிய பற்றரியைக் குளிர வைப்பது ஒரு சிறு விசிறி. அது காருக்குள் இருக்கும் காற்றையே, பின் இருக்கையின் கீழ்ப்பக்கத்தில் உள்ள துவாரத்தால் இழுக்கிறது. அந்த இடத்தில் பையையோ, போர்வையையோ, தண்ணீர்ப் போத்தல் கட்டையோ வைத்து அடைக்கக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறையாவது இருக்கையைக் கழற்றி விசிறியைத் துடைக்க வேண்டும். இதழ்களுக்கிடையில் தூசியும் தலைமயிரும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தால் விசிறி சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் வராது. செம்மண் வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடும் கார்களில் இது சீக்கிரமே நடக்கிறது. பற்றரி செத்தது என்று கராஜுக்கு வரும் கார்களில், சூட்டினாலேயே மொடியூல்கள் கெட்டவை நிறைய.

அடுத்தது கூலன்ட். அக்குவாவில் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு, ஒன்று எஞ்சினுக்கு, மற்றது பற்றரிக் கரண்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கு. எஞ்சின் போத்தலைப் பார்த்துவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் நீண்டகாலக் கூலன்ட்டே இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர் பிடிக்கும். "எங்கட வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது, அண்ணை" என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் உண்டு. இந்த எஞ்சின் ஒரு பயணத்தில் நூறு தடவை நின்று நின்று தொடங்குவது. மெல்லிய ஒயில்தான் உடனே மேலே ஏறும். இந்த விஷயத்தில் பாஸின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஏ9இல் ஆனையிறவு தாண்டியதும் வீதி நேராக விரியும், கால் தானாகவே அழுத்தப் பார்க்கும். கார்களுக்கு எல்லை 70, ஊர்களுக்குள் 50. பொலிஸ் வேகமானியோடு மரநிழலில் நிற்பது புதிய செய்தி அல்ல. அக்குவாவுக்கும் இந்த வேகம்தான் பொருந்தும். 65இல் போகும்போது காலை முழுதாக எடுத்து, எஞ்சின் அணைந்ததும் மிக மெதுவாகத் திரும்ப அழுத்தினால் கொஞ்சத் தூரம் மோட்டார் மட்டும் இழுக்கும். பிறகு எஞ்சின் வந்து, எடுத்த கடனைத் திருப்பிக் கட்டும். இதை ஒரு விளையாட்டாக்கி, பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை ஊர்ந்து போவதில் ஒரு பலனும் இல்லை. 95, 100 என்று மிதித்தால் மட்டும் லீற்றருக்கு நாலைந்து கிலோமீற்றர் குறைவது நிச்சயம். இரவில் ஓடுவதானால் மாடுகள். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் தார் வீதியின் சூட்டுக்காகவே வந்து படுத்திருக்கும். எஞ்சின் அணைந்த கார் கிட்ட வந்தாலும் எழும்பாது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இந்த வீதியில் யாரும் போவதில்லை, கச்சான் வாங்காமலும் போவதில்லை. கச்சான் தின்னும் பிள்ளைகள் பின் இருக்கையில் இருந்தால் அந்தத் துவாரத்தைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். கச்சானின் சிவப்புத் தோல் பாரமில்லாதது, விசிறி அதை நேராக உள்ளே இழுத்துவிடும். கோயிலடியில் நிறுத்தும்போது காரை அணைக்காமல், டாஷ்போர்டில் 'ரெடி' (READY) விளக்கு எரியும் நிலையில் வைத்தால் ஏசி ஓடும்; தேவைப்படும்போது எஞ்சின் தானே தொடங்கிச் சில நிமிடம் சார்ஜ் செய்து அணையும். காரை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் ஓட விடுவதுதான் கூடாது. அப்போது வடிவது பெரிய பற்றரி அல்ல, 12 வோல்ற் சின்னப் பற்றரி.

இந்தச் சின்னப் பற்றரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வழியில் நிற்கும் அக்குவாக்களில் பல இதனால்தான் நிற்கின்றன. அக்குவாவில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. ஆனால் அந்தப் பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களையும் கணினிகளையும் எழுப்புவது 12 வோல்ற் பற்றரி. அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் பிணம்தான். பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்ற சத்தம், டாஷ்போர்டில் எல்லா விளக்கும் மின்னி மறைவது, இவைதான் அடையாளம். பற்றரி இருப்பது பின் இருக்கைப் பக்கம் என்றாலும், வயர் கொடுத்து எழுப்புவதற்கான முனை பொனெற்றுக்குள் ஃபியூஸ் பெட்டியிலேயே இருக்கிறது. சிவப்பு வயரை அங்கே, கறுப்பை எஞ்சினின் வெறும் உலோகத்தில். 'ரெடி' வந்துவிட்டால் வயரைக் கழற்றி, காரை 'பி' (P) இல் வைத்து அரை மணித்தியாலம் விடலாம். வேறொருவருடைய வானுக்கு உங்கள் அக்குவாவிலிருந்து கரண்ட் கொடுக்கும் தாராளம் வேண்டாம். அந்தச் சின்னப் பற்றரியும் அதற்குச் சார்ஜ் கொடுக்கும் பகுதியும் டீசல் எஞ்சினைச் சுழற்றும் பாரத்துக்குச் செய்தவை அல்ல.

வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை என்று வெயில் ஏறும் பகுதியில், நிறுத்தும்போது நிழல் தேடுவது பயணிகளுக்காக மட்டும் அல்ல. வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்ற காரில் ஏறியதும் பின்னால் விசிறி உறுமினால், பற்றரி சூடாகிவிட்டது என்று பொருள். கண்ணாடிகளை ஒரு நிமிடம் திறந்து சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏசியைப் போட்டு மூடிக்கொண்டு ஓட்டினால் பற்றரிக்கும் அதே குளிர்காற்றுப் போகும். பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைப்பவர்கள் பிறகு பற்றரிக்குச் செலவழிக்கிறார்கள்.

மாத்தளையிலிருந்து நெரிசல் தொடங்கி கட்டுகஸ்தோட்டையில் உச்சத்துக்கு வரும். கியர் கார் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே நியூட்ரலில், அதாவது 'என்' (N) இல் போட்டுவிட்டு நிற்பார்கள். அக்குவாவில் 'என்' இல் இருக்கும்போது பெரிய பற்றரி சார்ஜ் ஆகவே ஆகாது, ஏசி மட்டும் அதை வடித்துக்கொண்டிருக்கும். 'டி' இல் வைத்துப் பிரேக்கை மிதித்திருங்கள், நீண்ட நேரம் என்றால் 'பி' (P).

பேராதனையிலிருந்து கம்பளை வரை சாதாரண வீதிதான். அதற்குப் பிறகுதான் ஏற்றம். 1.5 லீற்றர் எஞ்சின் 74 குதிரைவலு, மோட்டாரையும் சேர்த்தால் 100. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறியிருந்தால் புசல்லாவை தாண்டும்போது, டாஷ்போர்டில் பெரிய பற்றரியின் அளவைக் காட்டும் எட்டுக் கட்டைகளில் இரண்டுதான் மிஞ்சியிருக்கும். மோட்டாரின் உதவி குறையும், எஞ்சின் ஒரே உச்சத்தில் கதறும். கியர் மாறாததால் அந்தச் சத்தம் ஏறி இறங்காது. இது பழுது அல்ல. 35, 40 என்று ஒரே சீராக ஏறுங்கள். வளைவுக்கு வளைவு மிதித்தும் விட்டும் ஓட்டினால்தான் கார் திணறும். எதிரே பஸ் வந்து ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், அக்சலரேட்டரைப் பாதி அழுத்திக் காரைப் பிடித்து வைக்காதீர்கள். சக்கரம் சுற்றாமல் மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் இன்வேட்டர் சூடாகும். கால் பிரேக், அல்லது கை பிரேக்.

பற்றரியின் உண்மையான உடல்நிலையைச் சொல்வதும் இந்த ஏற்றம்தான். வாங்க நினைக்கும் பழைய அக்குவாவைக் கொழும்பில் தட்டை வீதியில் ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் கட்டைகள் கிடுகிடுவென்று இரண்டுக்கு விழுந்து, சற்று இறக்கம் வந்ததும் அதே வேகத்தில் ஏழெட்டுக்கு ஏறினால், உள்ளே கொள்ளளவு இல்லை. ஸ்கானரைப் பூட்டினால் சில மொடியூல்களின் வோல்ற் பாரம் ஏறும்போது மற்றவற்றை விடக் கீழே சரிவது தெரியும். எச்சரிக்கை விளக்கு வந்து பி0ஏ80 என்ற கோட் காட்டுவது அதற்குப் பிறகு. கெட்ட ஒரு மொடியூலை மட்டும் மாற்றிக் கொடுப்பது மலிவு. ஆனால் மற்றவற்றுக்கும் அதே வயது. சில மாதத்தில் அடுத்தது விழும், அதற்கடுத்து இன்னொன்று. கடற்காற்றுப் படும் ஊர்களில், மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியதாலும் இதே விளக்கு வருவதுண்டு. தகடுகளைத் தேய்த்துத் துப்புரவாக்கினாலே போகக்கூடிய பழுதுக்கு முழுப் பற்றரிக்கும் காசு கேட்டால், முதலில் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். செம்மஞ்சள் வயர் எங்கே கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள். இன்வேட்டருக்கு அப்பால் 520 வோல்ற் வரை போகிறது, பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் 10 நிமிடம் காத்திருந்துதான் தெரிந்தவர்கள் தொடுவார்கள்.

றம்பொடையில் அருவி, சுரங்கம், அனுமார் கோயில். லபுக்கலையில் ஒரு தேநீர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இரவில் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் வழமையை விட நீண்ட நேரம் ஓடித்தான் அணையும், ஹீற்றர் போட்டால் அணையவே மறுக்கும். காருக்குள் வரும் சூடு எஞ்சினின் சூடுதான். அந்தக் காலை நேரத்தில் தொடங்கும்போது கார் சில நொடி உதறினால், எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் ஈஜிஆர் குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில்தான் பலரும் பயப்படுகிறார்கள், அதுவும் தவறான விஷயத்துக்கு. ஆட்களோடு 1,400 கிலோ வரும் கார் நுவரெலியாவிலிருந்து கண்டி உயரத்துக்கு இறங்கும்போது ஐந்து யூனிட் அளவு சக்தி வெளிப்படும். பற்றரியில் இடம் இருப்பதோ அரை யூனிட்டுக்கு. இருநூறு மீற்றர் உயரம் இறங்குவதற்குள், றம்பொடைக்கு வெகு முன்பே, எட்டுக் கட்டையும் நிறைந்துவிடும். அந்த நிமிடத்தில் எஞ்சின் திடீரென்று உறுமும். அது பெற்றோல் எரிக்கவில்லை. மிஞ்சிய கரண்ட்டைச் செலவழிக்கக் கணினி எஞ்சினை வெறுமனே சுழற்றுகிறது. பயந்து காரை ஓரம் கட்ட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு. அதுவரை மோட்டார் பிடித்துக்கொடுத்த பாரம் இனி பிரேக் பாட்களின் மேல் விழுகிறது. ஆகவே தொடக்கத்தில் 'டி' இல் வைத்து, பிரேக்கை மெதுவாகவும் நீளமாகவும் மிதித்துப் பற்றரியை நிரப்புங்கள். ஆறேழு கட்டை வந்ததும் கியர் நெம்பை 'பி' (B) என்ற எழுத்துக்கு இழுத்து, எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். அதன் பிறகு கால் பிரேக் விட்டு விட்டு, அழுத்தமாக. தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் கருகிய வாசனை வரும். பின்னால் இருப்பது டிரம் பிரேக் என்பதை மறக்கக்கூடாது. அக்குவாவின் பிரேக் பாட் நீண்ட காலம் தேயாது என்பது உண்மை. தேயாததால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, பாட்டை அழுத்தும் கலிப்பர் நகரும் ஊசி (pin) துருப்பிடித்து இறுகுவதும் அதனால்தான். மலைக்குப் போகுமுன் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போட்டால் நல்லது. கார் சும்மா நிற்கும்போது, பிரேக்கைத் தொடாமலே, சில நொடிக்கு ஒருமுறை முன்பக்கத்தில் பம்ப் 'கிர்ர்' என்று ஓடினால் பிரேக் பூஸ்டரில் அழுத்தம் கசிகிறது. அந்தக் காரோடு மலைக்கே போகக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுக்கவோ, முன்சக்கரம் வீதியில் உருள இழுக்கவோ விட வேண்டாம். முன்சக்கரம் சுழன்றால் மோட்டார் கரண்ட் உண்டாக்கும். காரை முழுதாகத் தூக்கி ஏற்றும் லொறிக்குத்தான் சொல்ல வேண்டும். பெற்றோல் முடிந்து நின்றால் பற்றரியில் மிஞ்சியதைக் கொண்டு ஒரு ஓரத்துக்கு ஒதுக்குங்கள், அதற்கு மேல் ஓட்டிப் பார்க்காதீர்கள். பெரிய பற்றரி ஒரேயடியாக வடிந்துவிட்டால் பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுழற்ற ஆள் இல்லை. ஆகவே இறங்கும் வழியில் கம்பளையிலேயே பத்து லீற்றர் போட்டுக்கொள்வது நல்லது. 92 ஒக்டேன் போதும்.