சோளகம் மறைக்கும் தாகம்

கடந்த ஆடியில் ஒரு நாள் முற்பகல், பினாட்டுக்குப் பனம்பழக் களி பூசி வெயிலில் உலரவிட்ட பாயருகே காகம் விரட்டிக்கொண்டிருந்த எங்கள் அம்மம்மா, எழுந்து வந்து விறாந்தைத் தூணைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். 81 வயதான அவருடைய நெற்றியில் ஒரு துளி வியர்வைகூட இல்லை. நாக்கு மட்டும் வறண்டு வெடித்திருந்தது. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றிய பிறகு, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று வைத்தியர் கேட்டபோது, வீட்டில் ஆறு பேர் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

வெயில் என்றதும் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சித்திரையைத்தான் நினைக்கிறோம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது, புழுக்கத்தில் வியர்வை முதுகில் வழிகிறது, அதைக் கண்டு நாமும் செம்பைத் தேடிப் போகிறோம். வைகாசியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்த பிறகோ நிலைமை வேறு. பனையோலைகள் சலசலக்க வீசும் அந்தக் காற்று, தோலில் அரும்பும் வியர்வையை அரும்பிய இடத்திலேயே உலர்த்திவிடுவதால், உடம்பு இழக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெக்கை தணிந்துவிட்டதுபோல ஒரு சுகமும் உண்டாகிறது. அந்தச் சுகத்தைத் தருவதே உடம்பிலிருந்து ஆவியாகிப் போகும் நீர்தான் என்பது அன்றைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதியவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கும் ஆற்றலும் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. ஆகையால் "தாகம் இல்லை மோனை" என்று அம்மம்மா சொன்னது பொய்யன்று. அவருக்கு உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பக்குவமாகக் கேட்டபோது இன்னொரு காரணமும் வெளிவந்தது. எங்கள் மலசலகூடம் வளவின் பின்புறத்தில், கிணற்றடியையும் தாண்டி இருக்கிறது. இரவில் அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து, பிள்ளைகளை எழுப்பவும் மனமில்லாமல், அவர் பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்து வந்திருக்கிறார். இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கிணற்று நீரும் ஒரு காரணந்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணக்கற்பாறையில் தேங்கி நிற்கும் மழைநீரையே நம்பியிருக்கிறோம். மாரி முடிந்து மாதங்கள் செல்ல, கரையோரக் கிணறுகளிலும் தீவுப்பகுதிக் கிணறுகளிலும் உவர் ஏறுகிறது. உவர் நீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. ஒரு மிடறோடு வைத்துவிடுகிறார்கள். நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து மண்பானையில் ஊற்றிவைத்த பிறகு எங்கள் வீட்டில் எல்லோருமே கூடுதலாகக் குடிக்கிறோம்.

முதியோருக்கான ஐரோப்பிய வழிகாட்டல்கள், பெண்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லீற்றரும் ஆண்கள் 2 லீற்றரும் பானமாகவே அருந்தவேண்டும் என்கின்றன. எங்கள் வெயிலுக்கு அது போதாது. ஆனால் இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு வைத்தியர் குறித்துக் கொடுத்த அளவே அளவு. மூக்கு வைத்த குவளையான எங்கள் வீட்டுப் பழைய மூக்குப்பேணி 300 மில்லிலீற்றர் கொள்ளும். விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று மாலைக்குள் ஐந்து பேணித் தண்ணீர் என எண்ணிக் கொடுக்கிறோம்; அம்மம்மாவும் பழக்கம் மாறாமல் உதட்டில் படாதபடி அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிறார். தேத்தண்ணீரும் மோரும் கணக்கில் சேரும். வெங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் கரைத்த பழஞ்சோற்றுத் தண்ணீர், வியர்வையோடு போன உப்பையும் மீட்டுத் தருவதால், தோட்டத்தில் கொத்துபவர்களுக்கு அதைவிட நல்லதை நான் அறியேன். இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், அது உப்பின் இடத்தை நிரப்பாது.

உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளைக் கரைப்பதில் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு லீற்றருக்குரிய பைக்கற்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், மிகையான அடர்த்தி குடலுக்குள் நீரை இழுத்து, இருக்கும் வறட்சியை மேலும் கூட்டும். முழுப் பைக்கற்றையும் கொதித்தாறிய நல்ல தண்ணீர் ஒரு லீற்றரில்தான் கரைக்கவேண்டும். உவர்க் கிணற்று நீர் இதற்கு ஆகாது. பைக்கற் கிடைக்காவிட்டால், அதே ஒரு லீற்றருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பை நனைத்து விசிறியபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

சிறுநீர் வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் போனால் மறைக்காமல் சொல்லும்படி அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிணற்றடிப் பாதையில் இரண்டு மின்குமிழ்களைப் பூட்டி, பிடித்து நடக்கக் கம்பியும் போட்டாயிற்று. ஐந்தாவது பேணியை ஆறு மணிக்கு முன்னரே கொடுத்துவிடுகிறோம்; அதற்குப் பிறகு அவர் கேட்டால் மட்டும்.