தோற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவே

8.9.2024, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தது. இன்று கடையைத் திறந்ததும் முதல் ஆர்டரே கண்ணீர் அஞ்சலி. எட்டுக்கு ஆறு ஃபிளெக்ஸ், மதியத்துக்குள் வேண்டும் என்றார்கள்.

இதற்கென்று எங்கள் கடையில் டிசைன் தயாராகவே இருக்கும். மேலே குத்துவிளக்கு, ஓரத்தில் ரோஜா, நடுவில் படம். படத்துக்கு இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. பேரையும் தேதியையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. எல்லாரும் இறைவனடி சேர்கிறார்கள், எல்லாரும் பண்பின் சிகரம். வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த ஆள்கூட ஃபிளெக்ஸில் ஏறிவிட்டால் சாந்த சொரூபிதான்.

புரூஃப் பார்க்க உட்கார்ந்திருக்கும்போது வீட்டு ஆட்கள் ஏதாவது பேசுவார்கள். போனவரைப் பற்றி உருப்படியான சேதி அந்தப் பேச்சில்தான் இருக்கும். அது அச்சுக்கு வராது. அதை இங்கே எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன். பேர் போடப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்குப் போடாமலே தெரியும்.

இன்று வந்தது சமையல் மாஸ்டர் ஒருவருடையது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி) என்றால் பாதிக்கு மேல் அவர் கைதான். மகன் ஒரு பை நிறைய போட்டோ கொண்டுவந்தார். எல்லாம் அடுத்த வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்து வாங்கி வந்தவை. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், பந்தியின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் என்று எங்கேயாவது பாதி ஆளாக நிற்கிறார். தனியாக எடுத்த படம் ஆதார் அட்டையில் மட்டும்தான். கடைசியில் ஒரு பந்திப் படத்திலிருந்து வெட்டி எடுத்தோம். தோளில் துண்டு, கையில் கரண்டி. கரண்டியை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே, அது இல்லாட்டி அப்பா மாதிரித் தெரியலை" என்றார் மகன்.

வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டுகிற வேலையை மட்டும் மாஸ்டர் யாரிடமும் விட்டதில்லையாம். பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். அந்தக் கோபுரம்தான் உளுந்து அளவு. தனியாக அளந்து போட்டால் சரிவராது என்பது அவர் கட்சி. ஊறவைத்து நைசாக ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு, பால் விட்டுப் பதம் பார்ப்பார். மாவைப் புளிக்க விடக்கூடாது. எண்ணெயில் ஒரு தடவைக்கு ஒரு பணியாரம்தான். ஐந்நூறு பேர் பந்தி என்றாலும் அப்படித்தான். அடுப்பைக் கூட்டுவாரே தவிர இரண்டாகச் சேர்த்து ஊற்ற மாட்டார். கொஞ்சம் சிவந்துவிட்டாலும் பந்திக்குப் போகாது. சிவந்த பணியாரத்துக்காகவே வேலையாட்களின் பிள்ளைகள் கோட்டை அடுப்பைச் சுற்றி நிற்குமாம். மகன் சொல்லிச் சிரித்தார்: "நான் பத்து வயசு வரைக்கும் வெள்ளைப் பணியாரம்னா சிவப்பாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

11.9.2024, புதன்

தொண்ணூறு வயதுச் செட்டியார். ஃபிளெக்ஸில் முக்கால்வாசி குடும்பப் பட்டியல். மக்கள், மருமக்கள், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு ஊர். சிங்கப்பூர், துபாய், டல்லாஸ், சென்னை. விலாசத்தில், அதாவது பேருக்கு முன்னால் வருகிற எழுத்துகளில், ஒன்று விட்டாலும் பங்காளிகள் சும்மா விடமாட்டார்கள். அதைச் சரிபார்க்கவே ஒரு மணி நேரம் போனது.

அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது நடந்தே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். நெல்வயலாகப் போய் முடங்கியிருந்த பணம் அங்கேயே நின்றுவிட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1937 வாக்கில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது என்பார்கள். ஆசைப்பட்டு வாங்கியதில்லை. முப்பதுகளில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக வந்து விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

அதனால் மகனை மலேயாவுக்கு அனுப்பினார்கள். 1948, பதினாலு வயது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு. வேலை, பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்பது பல வட்டிக்கடைகள் ஒன்றாக நடக்கிற கட்டடம். அங்கே வரிசையாகக் கணக்குப் பெட்டிகள் இருக்கும். பெட்டிக்கு ஒரு கடை. காலையில் பெட்டி துடைக்கணும், தண்ணீர் எடுத்து வைக்கணும், சீட்டை எடுத்துக்கொண்டு பார்ட்டியிடம் ஓடணும், ராத்திரி அதே பெட்டியடியில் பாயை விரிச்சுப் படுக்கணும். எழுதத் தெரிகிறது என்று மேலாள் நம்பின பிறகுதான் பேரேட்டைத் தொட விடுவார்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். முதல் தடவை திரும்பி வந்தபோது இவருடைய ஆத்தாளுக்கே அடையாளம் தெரியவில்லையாம். மீசை வந்திருந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் வட்டிக்குக் கொடுத்ததில்லை, யாரிடமும் வாங்கியதும் இல்லை. ஆனால் கணக்கு எழுதுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. பேரன் ஒரு நோட்டைக் காட்டினான். தினமும் வரவு, பற்று. பால், கீரை, சவரம், உண்டியல். "கோவிலுக்குப் போனது, செருப்பு காணாமல் போனது: 180" என்று ஒரு வரி. செருப்பைச் செலவில் எழுதிய மனுஷரை அன்றே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி, ஊர் வரி எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரைப்புள்ளி. மனைவி ஆச்சி போனதிலிருந்து செட்டியார் அரைப்புள்ளியாக இருந்தவர். அந்த வருஷ நோட்டையும் பேரன் காட்டினான். புள்ளி வரி எழுதியிருந்த இடத்தில் "பாதி" என்று மட்டும் போட்டு அடிக்கோடு இழுத்திருந்தார்.

15.9.2024, ஞாயிறு

சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிளெக்ஸ் வேண்டாம், ஏ4-இல் பத்துத் தாள் போதும் என்றார்கள்.

1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு வந்து அந்த நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அழகப்ப செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்த நிறுவனம் அது. இவருக்கு அப்போது ஐந்து வயது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நேரு முகம் ஞாபகமே இல்லை, வேர்க்கடலை வாங்கித் தந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று கடைசி வரைக்கும் சொல்வாராம்.

19.9.2024, வியாழன்

ஒரு ஆச்சி. எண்பத்து மூன்று. அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பி எழுதிக் கொண்டுவந்த தாளில் முதல் வரியில் அப்பச்சியின் விலாசம், பேர். அடுத்த வரியில் "அவர்களின் தர்மபத்தினி". மூன்றாவது வரியில்தான் ஆச்சியின் பேர், அதுவும் சின்ன எழுத்தில்.

"ஆத்தா பேரை மேலே போடுங்க" என்றார் அக்கா.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல ஆச்சி" என்றார் தம்பி. அவர்கள் வீட்டில் அக்காவும் ஆச்சிதான்.

"முறையெல்லாம் சரிதான் தம்பி. போனது அப்பச்சியா, ஆத்தாளா?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் கடைக்காரன் வாயைத் திறக்கக்கூடாது. ஐந்து நிமிஷம் கழித்துத் தம்பியே "சரி, மேலே போட்டுருங்க, பெருசாவே போடுங்க" என்றார்.

போன ஆச்சி இருந்தது பெரிய வளவு (நடு முற்றம்) உள்ள வீடு. பங்காளிகள் பலருக்கும் பங்குண்டு, ஆனால் குடியிருந்தது அவர் ஒருத்திதான். அதுவும் இரண்டாம் கட்டில், ஒரு அறையில். முகப்பும் பட்டாலையும் பூட்டியே கிடக்கும். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க, முன்னோர் படைப்புக்கு என்று பங்காளிகள் வரும்போது திறப்பார்கள். அதற்கு முதல் நாள் தேக்குத் தூண்களை ஆள் விட்டுத் துடைக்க வைப்பார். கூலி தன் கைக்காசு. வீட்டைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் தூணைப் படம் எடுப்பார்கள், ஆச்சியையும் தூணோடு சேர்த்து எடுப்பார்கள். "கண்டாங்கி கட்டிருந்தா எடுக்குறான், நைட்டி போட்டிருந்தா எடுக்க மாட்டேங்கிறான்" என்று சொல்வாராம்.

கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடைவதில் பெரிய கைகாரி. பனங்குருத்தோலையைக் காய வைத்து, சன்னமாகக் கிழித்து, சாயத்தண்ணீரில் கொதிக்க வைத்து எடுப்பார். அடியிலிருந்து முடைந்துகொண்டு வரும்போதே பேச்சும் ஓடும். கை மட்டும் தப்பாது. பேத்திகள் கல்யாணத்துக்குச் சாமான் வைக்கிற கொட்டான்கள் எல்லாம் அவர் முடைந்தவை. கடைசிப் பேத்திக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கும் ஒரு அடுக்கு முடைந்து, துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார்.

24.9.2024, செவ்வாய்

ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கிற பூப்போட்ட கல்) போடுகிறவர். ஐம்பத்தெட்டு வயதுதான். இவரைப் பற்றி எழுதும்போது கை கூசுகிறது. என் வீட்டுக் கூடத்தில் கிடப்பது அவர் ஊற்றிய கல்.

அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, பாலிஷ் போடுவதும் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஒரு நிறம் அடுத்த கட்டத்தில் சிந்தக்கூடாது. பிறகு அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கை ஒரு நூல் ஆடினால் பூ கலைந்துபோகும். அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். பிறகு வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாக விட்டுவிடும். பூ மேலே வந்து நிற்கும். ஊற்றுகிறவன் பார்ப்பது எப்போதும் கல்லின் முதுகுப் பக்கம்தான். எப்படி வந்திருக்கிறது என்று நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும்.

வருஷக்கணக்கில் சிமெண்ட் தின்று அவர் விரல் நுனி மழமழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை விழாது. வலது கை, இடது கை, பத்து விரலும் வைத்துப் பார்த்து, கடைசியில் சம்சாரம்தான் போய் வாங்குவார். "ஊர்ல இருக்குற பாதி வீட்டுத் தரையில எங்க வீட்டுக்காரர் கைதான் இருக்கு, மெஷினுக்குத்தான் தெரியல" என்று அந்த அம்மா சொன்னபோது நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

இவருக்கு மட்டும் டிசைனை மாற்றினேன். ரோஜாவை எடுத்துவிட்டு, ஓரத்தில் அவர் போடுகிற பூவையே போட்டேன். காசு வாங்கவில்லை.

28.9.2024, சனி

ஆர்டர் இல்லை. பழைய ஃபைல்களைக் கிளறினேன்.

கோட்டையூரில் போர்டு எழுதுகிற கடை வைத்திருந்த ரோஜா முத்தையா எங்கள் தொழில்காரர்தான் என்று எனக்கு ஒரு பெருமை. புத்தகம், பத்திரிகை மட்டுமில்லை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பேரிலேயே நூலகமானது.

அவர் சேர்த்தது காகிதம். நான் அடிப்பது ஃபிளெக்ஸ். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் ஃபிளெக்ஸ் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போகிறது. ஒரு வீட்டில் விறகுக்கு மூடியிருந்ததைப் பார்த்தேன், முகம் தெரியும் பக்கத்தை மரியாதையாக உள்பக்கம் திருப்பியிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. மழைக்கு ஆகிற பொருள், வீணாகப் போவானேன். ஃபைல்களை மட்டும் இனி அழிக்கப் போவதில்லை. அவர்கள் கொடுத்த போட்டோக்களையும் கேட்டு ஸ்கேன் பண்ணி வைக்கிறேன்.

2.10.2024, புதன்

மகாளய அமாவாசை, காந்தி ஜெயந்தி. ஊரணிக் கரையில் எள்ளும் தண்ணீருமாகக் காலையிலேயே நல்ல கூட்டம். அரை நாள் திறக்கலாம் என்று வந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஆச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். எண்பதை நெருங்கும் வயது. யாருக்கு ஆச்சி என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்று மடித்த தாள் ஒன்றை நீட்டினார். சொந்தக் கையெழுத்தில் தயார் செய்த வாசகம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனதை எழுதியிருந்தார். மாமியார் தடுத்தும் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியதை எழுதியிருந்தார். இரண்டு கொழுந்தனார் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தது, ஒரு தடவை பஸ்ஸில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது. கடைசி வரி: "கும்மாயம் நன்றாகக் கிண்டுவாள். மாங்காய்ப் பச்சடி சுமார்."

"இறைவனடி சேர்ந்தார் போடணுமே ஆச்சி?"

"போட்டுக்க. அதுக்கு மேல அழுகாச்சி வார்த்தை ஒண்ணும் வேண்டாம். பண்பின் சிகரமெல்லாம் போட்ராதே, எங்க சொந்தக்காரி சிரிப்பா."

மறைவுத் தேதியை மட்டும் காலியாக விட்டு புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். திருடன் வரியில் ஊர் பேர் விட்டுப்போயிருந்தது, திருச்சி பஸ் என்று சேர்க்கச் சொன்னார். இருநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ரசீது கேட்டு வாங்கினார். அப்புறம், இப்பவே காசு கட்டினா விலை ஏறினாலும் இதே ரேட்டுதானே என்று கேட்டார். ஃபிளெக்ஸ் விலை வருஷா வருஷம் ஏறுது ஆச்சி, எத்தனை வருஷம்னு நான் எப்படிச் சொல்றது என்றேன். பேரம் இன்னும் படியவில்லை. நாளைக்கு மகனை அழைத்துக்கொண்டு வருகிறாராம்.