பெரிய காந்தம் எதையும் கொடுப்பதில்லை

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவனுக்குச் சட்டக் காந்தங்கள் ஓயாத வேலை. மாணவர்கள் கீழே போடுவார்கள். ஒத்த முனைகள் ஒரே பக்கம் வரும்படி பெட்டியில் திணிப்பார்கள். முனைகளை இணைத்து வைக்க வேண்டிய தேனிரும்புத் துண்டு எங்கேயோ போயிருக்கும். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது காந்தத்தின் வலிமையை முள்ளின் விலகலால் அளக்கும் விலகு காந்தமானியில் வைத்துப் பார்த்தால், 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நிற்க வேண்டிய முள் பத்தைத் தாண்டாது. பூமியின் கிடைத்தளக் காந்தப்புலம் தமிழகத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). அதைக்கூட எதிர்த்து முள்ளைத் திருப்ப முடியாத காந்தத்தை மாணவன் கையில் எப்படிக் கொடுப்பது?

முன்பெல்லாம் வரிச்சுருளுக்குள் வைத்து நேர்மின்னோட்டம் செலுத்துவோம். கம்பி சூடேறும், காப்பு கருகும் வாசனை வரும். நியோடிமியம் கலந்த, மிக வலிமையான காந்தக் கட்டிகள் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. சட்டத்தின் நடுவில் இரண்டு கட்டிகளை எதிரெதிர் முனைகள் கீழே இருக்கும்படி வைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் இழுத்து முனையில் எடுத்துவிட வேண்டும். வடமுனை தேய்த்துச் சென்ற பக்கம் தென்முனையாகும். சில முறை செய்தால் முள் மறுபடியும் 45 டிகிரி காட்டும். விரல்களை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டிகள் ஒன்றையொன்று தாவிப் பிடிக்கும்போது நடுவில் மாட்டிய தோல் கிழிந்துவிடும்.

இதைப் பார்க்கும் மாணவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், இத்தனை காந்தங்களுக்குக் கொடுத்தால் பெரிய காந்தத்தில் சக்தி தீர்ந்துவிடாதா?"

ஒரு விளக்கால் நூறு விளக்கு ஏற்றலாம், முதல் விளக்கு குறையாது என்று ஆசிரியர்கள் சிலர் பதில் சொல்வதுண்டு. எனக்கு அது பாதிதான் பிடிக்கும். விளக்கில் எண்ணெய் எரிகிறது, காந்தத்தில் எரிய எதுவும் இல்லை. பெரிய காந்தம் குறைவதில்லை என்பதென்னவோ பழைய செய்திதான். காந்தக்கல் எத்தனை இரும்புக்கு வலிமை ஊட்டினாலும் தன் வலிமையை இழப்பதில்லை என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-லேயே எழுதியிருக்கிறார். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் அதில் விடை இல்லை.

நான் வாயால் விளக்குவதை விட்டுவிட்டு மாணவர் கையிலேயே ஒரு சட்டத்தைக் கொடுத்துவிடுவேன். வேண்டுமென்றே முனை மாறி இருக்கும் பழைய ஆல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பு) சட்டம். அதை நியோடிமியக் கட்டியை நோக்கித் தள்ளச் சொல்வேன். முதலில் விலக்கு விசை கையை எதிர்க்கும், அழுத்தித் தள்ள வேண்டும். ஓரிடத்தில் எதிர்ப்பு தளர்ந்து, அடுத்த கணம் சட்டம் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே முனை மாறிவிட்டது. இப்போது பிரித்தெடுக்கச் சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். முதலில் தள்ளியதும் கைதான், கடைசியில் இழுத்ததும் கைதான்.

முனை மாறாத, வெறுமனே வலுவிழந்த சட்டத்தில் இது இவ்வளவு நாடகமாக இருக்காது. வில் தராசில் மாட்டி, ஒரே தூரத்தில் நெருங்கும்போதும் விலகும்போதும் விசையைக் குறித்தால் புரியும். வரும்போது இழுத்ததைவிடப் போகும்போது கூடுதலாக இழுக்கிறது. அந்த வித்தியாசத்துக்குக் கை கூலி கொடுக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரால் நியோடிமியக் கட்டியை முன்னும் பின்னும் அளந்தால் ஒரே அளவுதான். அது தொடங்கிய நிலைக்கே திரும்பிவிட்டதால், கணக்கில் மீதமிருப்பது கை செய்த வேலை மட்டுமே.

எவ்வளவு வேலை? ஆல்நிக்கோவின் காந்தத் தயக்கக் கண்ணியின் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாதல் பின்தங்குவதைக் காட்டும் மூடிய வரைகோட்டின்) பரப்பை வைத்துக் கணக்கிட்டால், 10 கன சென்டிமீட்டர் சட்டத்துக்கு ஓரிரு ஜூல். ஒரு கிலோ எடையைப் பத்து இருபது சென்டிமீட்டர் தூக்குவதற்குச் சமம். அதில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. ஆனால் சட்டம் சூடேறுவது ஒரு டிகிரியில் நூறில் சில பங்குதான் என்பதால் கைக்குத் தெரிவதில்லை.

அந்த வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்ட முடியாது, காதால் கேட்க வைக்கலாம். ஜெர்மானியரான பார்க்ஹவுசன் 1919-இல் செய்த சோதனை அது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருளைப் பெருக்கியிலும் ஒலிபெருக்கியிலும் இணைத்து, சுருளுக்குள் ஓர் இரும்புக் கம்பியை வைத்துக் காந்தத்தை மெதுவாக அருகே கொண்டுவந்தால் 'கரகர' என்று சத்தம் வரும். இரும்புக்குள் ஒரே திசையில் காந்தமாகி இருக்கும் நுண்பகுதிகளான டொமைன்களின் எல்லைச் சுவர்கள் தடைகளில் சிக்கி, விடுபட்டுத் தாவும் ஒலி. ஒவ்வொரு தாவலிலும் சிறு சுழல் மின்னோட்டம் கிளம்பி வெப்பமாகிறது. பியர் வைஸ் 1907-இல் சொன்னபடி, காந்தமாகாத இரும்பிலும் ஒவ்வொரு டொமைனும் ஏற்கெனவே முழுக் காந்தம்தான். திசைகள்தான் சிதறிக் கிடக்கின்றன. பெரிய காந்தத்தின் புலம் அவற்றுக்குத் திசை காட்டுகிறது. என் வேலையில் நான் அதிகம் ரசித்தது இந்தக் கரகரப்பைத்தான். பாடத்திட்டத்தில் இல்லாத சோதனை என்பதால் தேர்வு பற்றிய பயமின்றி எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள்.

பெரிய காந்தம் ஒருபோதும் குறையாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். நியோடிமியத்துக்குப் பதில் இன்னொரு ஆல்நிக்கோவால் தேய்த்தால், ஒத்த முனைகள் மோதும்போது தேய்ப்பதும் சேர்ந்து வலுவிழக்கக்கூடும். சாதாரண நியோடிமிய வகைகளும் 80 டிகிரிக்கு மேல் சூடானால் தாங்காது.

ஒலிபெருக்கியின் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் வகைக் காந்தம்) வளையத்தைக் கொண்டுவந்து "இதையும் ஏற்றிக் கொடுங்கள் சார்" என்பவர்களுக்கு உதடு பிதுக்குவதைத் தவிர வழியில்லை. ஆல்நிக்கோ முழுதாகக் காந்தமாகி நிறைவடைய 0.3 டெஸ்லா அளவு புலம் போதும். ஃபெரைட்டுக்குச் சுமார் 1 டெஸ்லா வேண்டும், எங்கள் கட்டியின் பரப்பில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. நியோடிமியத்துக்கோ ஏறத்தாழ 3 டெஸ்லா தேவை. ஆகவே எங்கள் கட்டியை இன்னொரு நியோடிமியக் கட்டியால் தேய்த்து உருவாக்கியிருக்க முடியாது. தொழிற்சாலையில் மின்தேக்கிகளில் ஆயிரக்கணக்கான ஜூல்களைச் சேர்த்து, தடித்த செம்புச் சுருள் வழியாக நொடியின் சிறு பங்கில் பாய்ச்சுகிறார்கள். அந்த ஆற்றலில் பெரும்பங்கு போய்ச் சேர்வது செம்பைச் சூடாக்கத்தான்.