பிளாக் ஃபாரஸ்ட் டிரெயில்: ஏப்ரலில் கோட்டைவிட்டதும் அக்டோபரில் முடித்ததும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்லேட் ரன் என்ற ஊரில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் 42 மைல் நடைபாதைச் சுற்று இது. பைன் கிரீக் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, மேட்டுக்காட்டுக்குள் நுழைந்து, ஓடைக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். ஏப்ரலில் போன முதல் முயற்சி முதல் நாளே ஒரு ஓடைக்கரையில் முடிந்தது. அக்டோபரில்தான் சுற்று முழுதானது. நடையைவிடத் திட்டம் போட்டதுதான் அதிகம் படுத்தியது, அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அனுமதிச் சீட்டுக்கு ஒரு வாரம் வீணானது. மாநில வனத்தில் காரைப் பக்கத்தில் நிறுத்திக் கூடாரம் போடுகிறவர்களுக்குத்தான் சீட்டு வேண்டும். மூட்டையைச் சுமந்து நடந்து, ஓரிடத்தில் ஒரு இரவுக்கு மேல் தங்காதவர்களுக்கு வேண்டாம். இது தெரியாமல் மின்னஞ்சல் போட்டு, பதில் வராமல் போனில் பிடித்தால், எதிர்முனையில் இருந்தவர் "எந்த முகாம் எண்?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எண்ணே இல்லாத இடத்துக்கு எண்ணுக்கு எங்கே போவது? பெரிய கூட்டமாகப் போவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதற்கு விதி வேறு.

இன்னொன்று, மார்ச் 1 முதல் மே 25 வரை வன அதிகாரியின் அனுமதியில்லாமல் விறகுத் தீ மூட்டக் கூடாது. மரங்கள் இன்னும் இலை விடாத பருவம் அது. வெயில் நேராகத் தரையில் இறங்கி, போன வருடத்துச் சருகு மொரமொரவென்று கிடக்கும். ஏப்ரலில் போகிறவர்கள் நனைந்த சாக்ஸை நெருப்பில் உலர்த்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கேஸ் அடுப்பும் இரண்டு ஜோடி உபரி சாக்ஸும் கட்டாயம்.

இனி, எங்களைத் திருப்பி அனுப்பிய விஷயம். இந்தச் சுற்றில் பாலமில்லாத ஓடைகள் நிறைய. சீடர் ரன் என்ற ஊரில் பைன் கிரீக்கின் நீர்மட்டத்தை அளக்கும் மானி இருக்கிறது, அது காட்டும் ஏற்ற இறக்கக் கோட்டுப்படம் இணையத்தில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது கோடு சமமாக இருந்தது, கிளம்பிவிட்டோம். இரவில் மழை. காலையில் ஓடை தொடை வரைக்கும் ஓடியது. தப்பு மானியில் இல்லை. செங்குத்தான சிற்றோடைகள் மழை விழுந்த சில மணி நேரத்தில் ஏறிவிடும், பெரிய ஆறான பைன் கிரீக் அதற்குப் பிறகுதான் ஏறும். எனவே மானி குறைவாகக் காட்டுவதாலேயே மேலே ஓடைகள் குறைவாக இருக்கும் என்று அர்த்தமில்லை. மானியோடு முந்தைய 48 மணி நேர மழையையும் அடுத்த 24 மணி நேர முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். முழங்காலுக்கு மேல், அதுவும் வேகமாக ஓடினால் இறங்க வேண்டாம். மழை நின்றுவிட்டதென்றால் கரையிலேயே காத்திருங்கள், சீக்கிரம் ஏறியது சீக்கிரம் வடியவும் செய்யும். கடக்கும்போது மூட்டையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு எழ முடியும்.

நேரக் கணக்கிலும் சறுக்கினோம். 42 மைலை மூன்றால் வகுத்தால் நாளுக்கு 14 மைல், மணிக்கு மூன்று மைல் போனால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது காகிதக் கணக்கு. பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்கு ஒரே மூச்சில் ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது, ஹெம்லாக் மவுண்டன் ஏற்றம் ஒன்றே போதும், புரிந்துவிடும். ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி கூட்டுங்கள், கல் பரவிய இறக்கத்துக்கு மேலும் கூட்டுங்கள். மூட்டையோடு மணிக்கு ஒன்றரை மைல்தான் கட்டுப்படியானது. இரண்டாம் முறை நான்கு நாளாக்கியதும் எல்லாம் சரியாக வந்தது. இங்கே நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டால் ஐந்து மணிக்கே இருட்டு, நினைவிருக்கட்டும்.

வழிக்குறி ஆரஞ்சு நிறப் பட்டை. அக்டோபரில் காடு முழுக்க அதே நிறம்தான், யார் யோசித்தார்களோ! தரையும் சருகால் மூடியிருக்கும். ஒரு குறியை விட்டு அடுத்தது கண்ணில் படாமல் ஐந்து நிமிடம் நடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைப் பட்டை இருந்தால் திருப்பம் என்று பொருள். நீலப் பட்டைகள் பனிச்சறுக்குத் தடங்களுடையவை. அவற்றைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தலாம், ஆனால் தெரிந்து பயன்படுத்த வேண்டும். செயலியில் இறக்கிய தடக்கோடு ஓரிடத்தில் பழைய பாதையைக் காட்டி எங்களைப் புதருக்குள் விட்டது. இலவசமாகக் கிடைக்கும் காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும், பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடைக்காது. முடியவில்லை என்றால் மேட்டில் ஓடும் 44ஆம் எண் சாலைக்கு எப்படி வெளியேறுவது என்பதைக் கிளம்புமுன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு: ஓடைக்கரைகளில் காஞ்சொறி இடுப்புயரம் நிற்கும், அரைக்கால் சட்டை வேண்டாம். விழுந்த மரத்தைத் தாண்டும்போது முதலில் அதன்மேல் ஏறி, மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள், கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. மேட்டில் தண்ணீர் அருகிப்போகும், ஓடையை விட்டு ஏறுமுன் மூன்று லிட்டர் நிரப்புங்கள். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வருவார்கள், ஆரஞ்சு உடுப்பு அவசியம். இரவு உறைபனி என்றால் தண்ணீர் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் உறைந்தால் இழைகள் வெடித்துவிடும், பார்த்தால் தெரியாது.

கடைசியாக, பெட்ரோல் போட வசதியான ஊரின் பெயர் ஜெர்சி ஷோர். நியூ ஜெர்சியின் கடற்கரையையும் அதே பெயரில்தான் அழைப்பார்கள். நியூ ஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் பென்சில்வேனியா என்று சேர்த்துத் தட்டச்சு செய்யாவிட்டால், வழிகாட்டிச் செயலி நேராக அந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விடும்.