நாலு மணிக்கே வந்துவிட்டேன்

திருவாரூருக்குப் போய் 11 வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா காரியம் முடிந்த கையோடு, வீட்டுப் பாகம் பற்றி அக்காவிடம் பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டுக் கிளம்பியவள் நான். பெரியப்பா மகள்தான், ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். அதற்கப்புறம் நவக்கிரகம் மாதிரி ஆளுக்கொரு திசை. இப்போது எனக்கு 53. சர்க்கரை, முழங்கால் வலியோடு கொஞ்சம் புத்தியும் வந்திருக்கிறது. சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

அக்கா வீடு கீழவீதியில். கால் அங்கே போகவில்லை. நாலு மணிக்கு நடை திறந்ததும் கோயிலுக்குள் நுழைந்துவிட்டேன். பக்தி என்று சொன்னால் பொய்; பயம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்பார்கள் எங்கள் ஊரில். ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர். தள்ளிப்போட நினைப்பவளுக்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

வன்மீகநாதர், தியாகராஜர், கமலாம்பாள் என்று ஒரு சன்னிதி விடவில்லை. தியாகராஜருக்கு எப்போதும் போல முக தரிசனம் மட்டும்தான். பாதம் பார்க்க மார்கழித் திருவாதிரைக்கோ பங்குனி உத்திரத்துக்கோ வர வேண்டும். நவக்கிரகங்கள் இந்தக் கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், ரேஷன் கடை வரிசை போல, எல்லாரும் தெற்கே பார்த்து நிற்கிறார்கள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

ஒற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டு வந்த சுந்தரரை முதல் மனைவி பரவையார் சேர்க்க மறுத்த ஊர் இது. தோழருக்காக ஈசனே ராத்திரியில் இந்தத் தெருக்களில் தூது நடந்தார். முதல் தடவை அர்ச்சகர் வேடத்தில் போய் வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் தடவை சொந்த உருவில் போனபோதுதான் காரியம் ஆயிற்று. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா, "சாமியையே திருப்பி அனுப்பிட்டாங்களாம்டி" என்று என் காதில் சொல்லிச் சிரிப்பாள். நானும் இரண்டு தடவை போன் போட்டிருக்கிறேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அதைத் தூது என்று சொல்ல முடியாது.

ஐந்தரைக்கு மனதைத் தேற்றிக்கொண்டு போனால், கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள், "சாயரட்சைக்குப் போயிருப்பாங்களே. நீங்க யாரு?" என்றார்.

"தங்கச்சி."

மேலும் கீழும் பார்த்தார். தங்கச்சி ஒருத்தி உண்டென்று கேள்விப்பட்டதில்லை போல.

மறுபடியும் கோயில். பஞ்சமுக வாத்தியம் கும்மென்று எழும்பிக்கொண்டிருந்தது. இங்கே சாயரட்சைக்குத் தேவர்கள் எல்லாரும் வருவதாக ஐதீகம். இந்திரன் வந்தானோ இல்லையோ, அக்கா இருந்தாள். பாட்டி நிற்கும் அதே தூண். தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் போய் நின்றேன். தீபாராதனை முடிகிற வரை திரும்பவே இல்லை. அப்புறம் விபூதியைத் தான் இட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தூணில் கொட்டப் போனவள், என் கையை இழுத்து அதில் தட்டினாள்.

"எப்ப வந்தே?"

"நாலு மணிக்கு."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணே?"

"நவக்கிரகம் சுத்தினேன்."

"அதுதான் இங்க வரிசையா நிக்குதே, எப்படிடி சுத்துவே?" என்றாள்.