பத்து நொடி இருபதான கதை

தண்டையார்பேட்டையில் பெரியம்மா வீட்டுச் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு, 8051 வகைச் சில்லை (ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி) வைத்து ஒரு போர்டு செய்து தருகிறேன் என்று சென்ற கோடையில் வாக்குக் கொடுத்திருந்தேன். ரிச்சி தெருவில் சொல்லிவைத்த உதிரிகள் வர ஒரு வாரம் ஆகும் என்றதால், அதுவரை புரோகிராமைச் சோதித்துப் பார்க்கப் பைத்தான் மொழியில் ஒரு சிமுலேட்டர், அதாவது சில்லைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், எழுத உட்கார்ந்தேன்.

1980இல் இன்டெல் வெளியிட்ட இந்தச் சில்லின் உள்ளே மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் போலச் செய்ய வேண்டியதில்லை. புரோகிராமின் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதினால் போதும். நினைவகத்துக்கு ஒரு பட்டியல், ஆணையை எடுத்து, இன்னதென்று பிரித்து, செய்து முடிக்கும் ஒரு சுழற்சி, அவ்வளவுதான். ஆணைகள் மொத்தம் 111 என்றாலும் பெரும்பாலானவை ஒன்றன் சாயலில் மற்றொன்று இருப்பதால், இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. ஆர்0 முதல் ஆர்7 வரையிலான ரெஜிஸ்டர்களை (எண்களைத் தற்காலிகமாக வைக்கும் சிறு இடங்கள்) முதலில் தனி மாறிகளாக வைத்திருந்தேன். அவை உண்மையில் 128 பைட் உள் நினைவகத்துக்குள்ளேயே குடியிருப்பவை என்பது நினைவுக்கு வந்ததும் மாற்றினேன்.

ஆனால் நேரத்தை அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. சில்லுக்குத் தாளம் போடும் கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ் என்றால், அதன் வேலையை அளக்கும் அடிப்படை நேர அலகான மெஷின் சைக்கிள் ஒரு மைக்ரோநொடி என்பதால், ஆணைக்கு ஒரு மைக்ரோநொடி என்று சோம்பேறித்தனமாகக் கணக்கிட்டேன். மோட்டாரைப் போட்டுப் பத்து நொடிக்குள் குழாயில் தண்ணீர் ஓடாவிட்டால், அது வெறுமனே ஓடிச் சூடேறாமல் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பத்து நொடியை, ஆர்7இல் 250ஐப் போட்டு டிஜேஎன்இசட் (ஒன்றைக் குறைத்து, சுழியம் ஆகாதவரை திரும்பிப் போ) ஆணையால் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும், ஒன்றுக்குள் ஒன்றான சுழல்களால்தான் அளந்தேன். உள்சுழலுக்கு என் சிமுலேட்டர் காட்டியது 251 மைக்ரோநொடி. சில்லில் டிஜேஎன்இசட்டுக்கு இரண்டு சைக்கிள் ஆகும் என்பதால் அங்கே அது 501.

போர்டைப் பொருத்திய மறுநாள், “மோட்டார் சும்மாவே ஓடிக்கினு இருக்குடா, தண்ணியே வரல” என்று பெரியம்மா போன் செய்தார். போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்பதற்கு ஏறக்குறைய இருபது நொடி ஆயிற்று. வயரிங்கைத்தான் முதலில் சந்தேகித்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேயைக் கழற்றி மாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு சிமுலேட்டரின் ஆணைப் பட்டியலில் சைக்கிளுக்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: பெரும்பாலானவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மட்டும் நான்கு. உடனே சிமுலேட்டரும் இருபது நொடி என்றே சொல்லியது. வெளிச்சுழலின் எண்ணைப் பாதியாக்கி, சில்லில் மறுபடி புரோகிராமை ஏற்றினேன். சைக்கிள் கணக்கு கையில் இருப்பதால் சிமுலேட்டரில் டைமர் 0ஐயும் (சில்லிலேயே இருக்கும் நேரம் எண்ணும் பகுதி) அதே எண்ணிக்கையில் ஓடவிட்டிருக்கிறேன்; அடுத்த முறை சுழலுக்குப் பதில் அதை வைத்தே நேரத்தை அளக்க வேண்டும்.